ஒருத்தருக்கும் தெரியாத மாற்றம்

பதுளையிலிருந்து லுணுகலை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு இளம்பெண்கள். சன்னலோரம் இருந்தவள் பூரிப்போடு சொன்னாள்:

“நேத்து எல்லாத்தையும் மாத்திட்டேன்டி. ஒருத்தருக்கும் தெரியல.”

“தெரியாததுக்கா இவ்வளவு சந்தோஷம்?” என்றாள் தோழி.

“பின்ன? எங்க கம்பெனி வெளியாளுங்களுக்குக் குடுக்கிற டேட்டாபேஸ் காப்பிய புது ஃபார்மட்டுக்கு மாத்தணும். பழச நம்பி எத்தனையோ பேரு புரோகிராம் எழுதி வச்சிருக்காங்க. ஒருத்தரோடது நின்னாலும் நான் செஞ்சதெல்லாம் வேணாம்னு தள்ளிருவாராம் மேனேஜர்.”

“என்ன செஞ்ச?”

“புதுசு வேணும்னு கேக்கிறவங்களுக்கு மட்டும் புதுசு. மத்தவங்களுக்கு அதே பழசுதான் போகும்.”

அப்போது அவள் போன் ஒலித்தது. பார்த்தவள் துள்ளி எழுந்தாள்.

“முதல் ஆள் புதுசு கேட்டு எடுத்துட்டாங்கடி! மேனேஜரே மெசேஜ் போட்டிருக்காரு!”

“இறங்கணுமாம்மா?” என்றார் கண்டக்டர்.

“இல்லண்ணே, சும்மாதான் எழும்பினேன்” என்றாள், உட்காராமலே.