பென்னாகரம் கடிகாரத்தின் ஐந்து நிமிடம்

என் பெயர் லூர்துமேரி. வயது 32. தகப்பனார் பெயர் சவரிமுத்து, காலமாகிவிட்டார். திருமணம் ஆகவில்லை. பென்னாகரம் கடைவீதியை ஒட்டிய சந்தில் தாயாருடன் குடியிருக்கிறேன். பென்னாகரம் - தர்மபுரி தடத்தில் சொந்தமாகத் தனியார் பஸ் நடத்தும் மாரியப்பன் என்பவரிடம் வேலை செய்கிறேன். பார்சல் பதிவதும், மணி பார்த்து பஸ்ஸை அனுப்புவதும் என் வேலை.

பச்சியப்பன் என்பவர் தர்மபுரி பஸ் நிலையத்தில் எல்லாத் தனியார் பஸ்களுக்கும் பொதுவாக உரிமையாளர் சங்கம் நியமித்த டைம் கீப்பர். அவர் தினமும் காலையில் எங்கள் அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டு இரண்டு கடிகாரங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். எங்கள் கடிகாரத்தை ஐந்து நிமிடம் கூட்டி வைப்பது மாரியப்பனின் பழக்கம், அப்போதுதான் ஜனங்கள் ஓடி வருவார்கள் என்பார். ஆகவே போனில் பச்சியப்பன் தன் மணியைச் சொல்ல, நான் என் மணியைச் சொல்லி, கூடுதலைக் கழித்துவிட்டு தர்மபுரி மணிப்படியே பஸ்ஸை அனுப்பி வந்தேன். அதன் பிறகு, அங்கே மழையா, சாப்பிட்டாச்சா என்று ஒரு வார்த்தை கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் சீக்கிரமே எழுந்து, தலை பின்னி, பூ வைத்துக்கொண்டு வருவேன். போனில் பூ தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

சென்ற மாசி மாதம், டிரங்க் கால் வீண்செலவு என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. ரயில் நிலையக் கடிகாரத்தைப் பார்த்து வைக்கலாம் என்றார்கள், பென்னாகரத்துக்கு ரயிலே இல்லை என்பதால் அது நின்றுபோனது. பிறகு இரண்டு ஊருக்கும் ரேடியோ வாங்கிக் கொடுத்து, செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலிக்குக் கடிகாரத்தைச் சரி செய்யலாம் என்றார்கள். பச்சியப்பன் மட்டும் எழுந்து, "ரேடியோ மணி சொல்லும்ங்க, எதிர்க் கடிகாரம் என்ன காட்டுதுன்னு அது கேக்காதுங்க" என்றாராம். மாரியப்பன் வந்து இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். கடிகாரத்துக்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரேடியோதான் முடிவானது.

அதன் பிறகு நான் ரேடியோவை வைத்துக் கடிகாரத்தைச் சரி செய்வேன், மாரியப்பன் வந்து வழக்கம்போல் ஐந்து நிமிடம் தள்ளி வைப்பார். அந்த மணிக்கே பஸ்ஸை எடுக்கச் சொன்னார். இத்தனை நாள் போனில் கேட்டுக் கழித்துத்தான் அனுப்பினேன் என்று எடுத்துச் சொன்னேன். "இத்தன வருசமா அஞ்சு நிமிசம் கூடத்தானே ஓடுது, என்ன கெட்டுப்போச்சு?" என்றார். ரேடியோவோ கேட்டால் பதில் சொல்லாது. காலையில் பீப் ஒலி வந்ததும் என் கை தானாக போனை எடுக்கும், பிறகு வைத்துவிடுவேன்.

இப்படி எங்கள் பஸ் நேரத்துக்கு முன்னால் கிளம்பி, முன்னால் போக வேண்டிய பஸ்ஸின் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனது. தர்மபுரியில் பச்சியப்பன் அதற்கு அபராதம் போட்டார். தன் பக்கம் எதுவும் மாறவில்லை என்று மாரியப்பன் நிஜமாகவே நம்பினார். ஆகவே பச்சியப்பன் எதிர்க் கம்பெனியிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டுத் தன் கடிகாரத்தைக் குறைத்து வைத்திருக்கிறார் என்று போலீஸில் புகார் கொடுத்தார். அது பொய். நாளைக் காலை ரேடியோவை வைத்து இரண்டு கடிகாரத்தையும் பார்த்தால் தெரியும். முந்தி ஓடியது எங்கள் கடிகாரம்.

நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது மாரியப்பனுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். "கல்யாணமாகாத புள்ள, டேசன்ல போயி ஒரு ஆம்பள பேரச் சொன்னா ஊரு என்ன பேசும்?" என்று தாயார் தடுத்தார். பேசட்டும் என்று வந்தேன். பச்சியப்பன் எனக்கு என்ன உறவு என்று ஆய்வாளர் கேட்டார். உறவு ஏதும் இல்லை, ஆனால் அந்தக் குரல் நின்றதிலிருந்து எனக்கு ஏக்கமாக இருக்கிறது என்று கூறினேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்றார். இருக்கட்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு, விசாரணைக்கு அழைத்துவந்து உள்ளே உட்காரவைத்திருப்பவர்களில் பச்சியப்பனை அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டார். முடியாது, இதுவரை அவரை நான் பார்த்ததே இல்லை, ஒவ்வொருவராகப் பேசச் சொல்லுங்கள், காட்டுகிறேன் என்று கூறினேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல. முழுவதும் உண்மை.

(ஒப்பம்) ச. லூர்துமேரி