லாரிக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

நம்ம லாரிக் குடும்பத்து அக்காமாரே, தங்கச்சிகளே... இந்த ராத்திரி நேரத்துல குரூப்புல எழுதுறதுக்கு முதல்ல மன்னிச்சுக்குங்க. பாப்பா இப்பத்தான் தூங்கினா. நாளைக்குச் சாயங்காலம் ஆயுத பூஜைக் கூட்டத்துல நான் மைக் முன்னால பேசறதுக்கு எழுதி வச்சது இது. ஆனா சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியாது. ஏன்? காலையிலேயே நீங்க எல்லாரும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்க ஆரம்பிச்சிருவீங்களே!

அதனால கூட்டத்துல உட்கார்ந்திருக்கிறதா நினைச்சுக்குங்க. குட்டியா ஒரு கதை சொல்றேன். அடுத்த வீட்டுக் கதை இல்லை... என் வீட்டுக் கதைதான்.

எங்க லாரியில ரேடியேட்டருக்கு முன்னால இன்டர்கூலர் இருக்குதுங்களா? டர்போ அமுக்கி அனுப்புற சூடான காத்தை அது குளிர வச்சு இன்ஜினுக்கு அனுப்பும். குளிர்ந்தா என்ன ஆகும்? ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்குதே, அதே மாதிரி உள்ளே வேர்க்கும். அந்தத் தண்ணி இன்ஜினுக்குள்ள போகாம வெளியே வடியணும்னு மெக்கானிக் இலியாஸ் பாய் அடியில ஊசி மாதிரி ஒரு ஓட்டை போட்டு வச்சிருந்தார்.

போன வருஷம் ஆயுத பூஜை. முன் கிரில்லைக் கழட்டி வண்டியைக் கழுவினோம். பார்க்கிறேன்... இன்டர்கூலர் அப்படியே ஒரு முகம்! அடியில, சரியா தாடையில, குட்டி ஓட்டை. என் இடுப்புல பாப்பா. அவ தாடையில கறுப்பா திருஷ்டிப் பொட்டு. அம்மா மனசு என்ன சொல்லும்?

வச்சேன். லாரிக்கும் மையை எடுத்துத் தாடையில வச்சேன்.

எங்க வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். ஆக்ஸிலேட்டரை மிதிச்சதும் 'உஸ்ஸ்ஸ்'... பொட்டு தெறிச்சுப் போச்சு. திருஷ்டிப் பொட்டு நிக்கலைன்னா அபசகுனம் இல்லையா? விடுவேனா? பைப் ஒழுகலுக்கு வைக்கிற பசையில மையைக் குழைச்சு, அழுத்தி, உருட்டி வச்சேன். கல்லு மாதிரி நின்னுச்சு. யார் வச்சது? பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்ச நான் வச்சது!

ஐப்பசி மழை. திம்பம் மலை ஏறுறார், சிமெண்ட் லோடு. பத்தொன்பதாவது கொண்டை ஊசி வளைவுல வண்டி இருமுச்சு... நின்னுச்சு. அடுத்த வாரம், அதே வளைவு, அதே இருமல். வீட்டுக்கு வந்து ஆரம்பிச்சார்.

"ஏம்மிணி, அந்த வளைவுல எனக்கு..."

"ஏனுங்க, கிளம்புற நேரத்துல வாயில நல்லதே வராதா? பேசாம போய்ட்டு வாங்க!"

வாயை மூடிட்டார். கவனிங்க... வாயை மூடிட்டார்.

மூணாவது தடவை நானும் பாப்பாவும் கேபின்ல. தாளவாடியில மாமியார் வீட்டுல காதுகுத்து. பத்தொன்பதாவது வளைவு. வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். எலுமிச்சம்பழம், தேங்காய், ஒரு சுருட்டு. மழையில நின்னு வளைவைக் கும்பிட்டுப் பேசறார்.

"சாமி, நான் வருஷம் பூரா உங்க மேலதான் ஏறி இறங்குறேன். ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க சாமி. இன்னிக்குக் குழந்தை இருக்குது உள்ளே."

பின்னால பஸ் நிக்குது. கண்டக்டர் தலையை நீட்டினார். "யோவ் சென்னியப்பா! வளைவுகிட்ட மனு குடுத்தது போதும், வண்டியை எடுய்யா!"

எடுத்தார். இருமுச்சு. செத்துச்சு. பின்னால உருள ஆரம்பிச்சுது...

பின்னால யார்? ஒரு பஸ் ஜனம்!

அவர் பிரேக்குல ஏறி நிக்கிறார். நான் பாப்பாவோட குதிச்சு, ஒரு கையால கல்லை உருட்டிச் சக்கரத்துக்குப் பின்னால தள்ளினேன். கண்டக்டர் ஓடி வந்து இன்னொரு கல்லைப் போட்டார். நின்னுச்சு. ஒரு முழம்... ஒரே முழம்தான் பாக்கி.

இலியாஸ் பாய் சத்தியமங்கலத்துல இருந்து வந்து, கீழே படுத்து டார்ச் அடிச்சார்.

"யாருய்யா இதை அடைச்சது?"

நான் மலையைப் பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"பொட்டு பாய்"ன்னேன்.

"என்ன பொட்டு?"

"திருஷ்டிப் பொட்டு."

பாய் ஸ்க்ரூ டிரைவரால ஒரு குத்து விட்டார். ஒரு சொம்புத் தண்ணி, ஆயில் கலந்து, டீ நிறத்துல கொடகொடன்னு அவர் மூஞ்சியிலேயே ஊத்துச்சு. துடைச்சுக்கிட்டே கேட்டார்:

"ஏம்மா, உன் பாப்பாவுக்கு மூக்கு ஓட்டையிலயா பொட்டு வைப்பே?"

பஸ்ஸே சிரிச்சுது. வண்டி ஒரே சாவியில கிளம்புச்சு. தேங்காயைக் கண்டக்டர் எடுத்துக்கிட்டார்.

அன்னிக்கு வளைவெல்லாம் ஏறி முடிச்சப்புறம் நான் கேட்டேன்: "அவ்வளவு பயத்தை என்கிட்ட ஏனுங்க சொல்லலை?" ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "சொல்ல வந்தேன். நீ விடலை. வளைவு விட்டுச்சு."

அக்காமாரே, இதை எதுக்குச் சொல்றேன்? கெட்ட எண்ணத்துல அடைச்சேனா? இல்லை. பாசத்துல அடைச்சேன்! ஓட்டையையும் அடைச்சேன், அவர் வாயையும் அடைச்சேன். ரெண்டுமே நல்ல சகுனம்னு நினைச்சேன். உள்ளே சேர்ந்த ஈரம் எங்கே போகும்? சமவெளியில தெரியாது... ஏத்தத்துல, பாரம் இழுக்கும்போது, பிள்ளை உள்ளே இருக்கும்போது வந்து நெஞ்சை அடைக்கும். நம்ம வீட்டு ஆம்பளைங்க கிளம்பும்போது கெட்டதைச் சொன்னா சொல்லட்டும். ஒரு சொம்புதானே? கொட்டட்டும். கேட்டுட்டு அனுப்புங்க.

வண்டிக்கும் பொட்டு வைங்க, வேண்டாம்னு சொல்லலை. கண்ணாடிக்கு வைங்க, பம்பருக்கு வைங்க. ஆனா காலையில முதல் வேலையா இன்டர்கூலர் அடியில விரலை விட்டுத் தடவிப் பாருங்க. பத்மாவதி அக்கா, உங்க வண்டி விடிஞ்சதுமே திம்பம் ஏறுதுன்னு சொன்னீங்களே, நீங்க இப்பவே பாருங்க.

ஓட்டை திறந்திருக்குதா, அடைச்சிருக்குதான்னு ஒரு வரி சீக்கிரம் பதில் போடுங்க. முழிச்சிருக்கேன்.