கடல் கடந்த குதிரையைப் பேசி மீட்டோம்

குதிரை வந்துவிட்டது. மைசூர்ச் சண்டையின்போது வெள்ளைக்காரக் கும்பினிப் படை நம் வீரன் கோயிலிலிருந்து பெயர்த்துக்கொண்டு போன வெண்கலக் குதிரை, இன்று காலை லாரியிலிருந்து இறங்கிவிட்டது.

இறங்கியது முதல் இடைவிடாமல் விசிலடிக்கும் இளங்காளைகளே! விழாத் தலைவர், புளி மண்டியின் புலி, அண்ணன் மாரப்பன் அவர்களே! நாற்காலி போட்டும் உட்காராமல் குதிரையையே சுற்றிவரும் பெரியவர்களே! குலவையிட்டு என் குரலை முழுங்கும் தாய்மார்களே! இத்தனைக்கும் காரணமான வரலாற்றுப் பேராசிரியர் பிரியதர்ஷினி அவர்களே! கடலை வியாபாரி அறிவழகனின் வணக்கம்.

நம்மிடம் என்ன இருந்தது? ஒரு பீடம் இருந்தது. பீடத்தில் என்ன இருந்தது? ஒரே ஒரு குளம்பு இருந்தது! பெயர்த்தவன் அவசரத்தில் உடைத்து விட்டுப்போன அந்த ஒற்றைக் குளம்புக்கு மஞ்சள் பூசினோம், மாலை போட்டோம், மொட்டையும் அடித்தோம். மிச்சக் குதிரை எங்கே என்று ஒருவராவது கேட்டோமா? கேட்டது இந்த அம்மா! போரில் களவுபோன கலைப்பொருள்களைத் தேடுவதே இவர் ஆராய்ச்சி. குளம்பை, உடைந்த விளிம்போடு மெழுகில் அச்செடுத்தார். அந்தப் படையில் இருந்த அதிகாரிகளின் வாரிசுகளை ஆறு ஆண்டுகள் வீடு வீடாக விசாரித்தார். இங்கிலாந்தில் அப்படியொரு வாரிசு வீட்டுக் கூடத்தில், ஒரு காலுக்கு மரக்குளம்பு பொருத்தி நிறுத்தியிருந்த குதிரையைக் கண்டார். அச்சு பொருந்தியது; அணுவளவும் பிசகாமல் பொருந்தியது!

அந்த வீட்டம்மா நல்ல மனுஷி. அவர் தம்பிதான் ஏலத்தில் விடத் துடித்தார். ஊர்க்காரர்களிடம் முதலில் பேசிப் பார்க்கிறேன் என்று அந்தம்மா வீடியோவில் வந்தார். பிரியதர்ஷினி மொழிபெயர்க்க, நானும் மாரப்பன் அண்ணனும் உட்கார்ந்தோம். எடுத்த எடுப்பில், குதிரையைச் சும்மாவே தருகிறேன் என்றுவிட்டார்.

சும்மா! கம்பைநல்லூர்ச் சந்தையில் சும்மா கொடுப்பவனை நம்பியிருக்கிறோமா? சரக்கு பிடித்துப்போனதை முகத்தில் காட்டியிருக்கிறோமா? அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். நான் கொட்டாவி விட்டேன். அண்ணன் அதோடு நின்றாரா? "காலு வேற ஒண்ணு குறையுதுங்களே" என்று இழுத்தார். குறைகிற அந்தக் குளம்பு நம் கோயிலில்தான் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டு! சிரிக்காதீங்க தாய்மார்களே, உங்க வூட்டுக்காரர் அங்கே இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

அந்தம்மாவின் முகம் வாடிவிட்டது. உங்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, தம்பி விருப்பப்படியே விட்டுவிடுகிறேன் என்று எழுந்தார். ஆறு வருட உழைப்பு கண்ணெதிரே ஏலத்துக்குப் போகிறது! பிரியதர்ஷினி எங்கள் பக்கம் திரும்பினார்.

"வாயைத் தொறந்து வேணும்னு சொல்லுங்கண்ணா. நம்ம வீரன் இத்தனை காலமா நடந்தேதான் காவல் சுத்தறாருங்க."

வியாபாரத்துக்கு வந்த நாள் முதல் செய்யாததை அன்று செய்தேன். எழுந்து நின்றேன். கைகூப்பினேன். "அம்மா, அது எங்களுக்கு வேணுங்க. ரொம்ப வேணுங்க" என்றேன். அந்தம்மா அழுதார். அண்ணன் அழுதார். நான் அழுதேன். அதை மொழிபெயர்க்க வேண்டிய பிரியதர்ஷினியும் அழுதார்!

அண்ணே, மைக்கைப் பிடுங்காதீங்க, இதோ முடிச்சிட்டேன்.

வாளால் போனது வாய்ச்சொல்லால் வந்திருக்கிறது! படையால் போனது படிப்பால் வந்திருக்கிறது! இன்னும் எத்தனை ஊர்களில் எத்தனை பீடங்கள் வெறுமையாய் நிற்கின்றன? தேடுகிறவர்களுக்குத் துணை நில்லுங்கள். கிடைத்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்களுடையது, எங்களுக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்!

வந்த கால்களுக்கும் தட்டிய கைகளுக்கும் நன்றியும் வணக்கமும் சொல்லி, பேசி முடித்த ஏற்பாட்டை அறிவித்து அமர்கிறேன். குதிரை நமக்கு. விலை கிடையாது. கப்பல் கூலி அவர்களுடையது. அதை அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசி முடித்தார். அந்தம்மா கேட்டது ஒன்றுதான்: கோயில் சுவரில் ஒரு கல் பதிக்க வேண்டும். தன் முன்னோர் திருடினார் என்றே அதில் வெட்டலாம். திருப்பித் தந்தது அவர் வீட்டுப் பெண் என்பதையும் அதே அளவு எழுத்தில் வெட்ட வேண்டும்.