மண்ணெண்ணெய் போத்தலில் ரெண்டு வளையம்

— எங்க ஃபேக்டரி ரப்பரைப் பொய் ரப்பர்னு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க பாப்போம்.

— கோவிச்சுக்காதீங்க கங்கா. பொண்ணு பாக்க வந்தவனை, கொஞ்ச நேரம் பேசிட்டு வாங்கன்னு வீட்டுக்குப் பின்னால அனுப்பி வச்சிருக்காங்க. சண்டை போடவா வந்தேன்? மரத்துல வர்றதுதான் ரப்பர்னு சொன்னேன், அவ்வளவுதான் லா. எங்கம்மா காலமெல்லாம் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டுனவங்க.

— எங்கப்பாவும்தான். அவரும் இதையே சொல்லுவாரு. அவருக்குக் காட்டத்தான் நேத்து இந்தப் போத்தல்ல மண்ணெண்ணெய் ஊத்தி ரெண்டு வளையம் போட்டேன். ஒண்ணு மரத்து ரப்பர். வெள்ளைப் புள்ளி வச்சது நைட்ரைல், ரசாயனத்துல செய்யுற ரப்பர், எங்க ரவாங் ஃபேக்டரி சரக்கு. ரெண்டும் ஒரே அச்சு. என் வளையல் அளவு.

— ஊற வைக்க இது என்ன ஊறுகாயா?

— புள்ளி வச்சதை மொதல்ல எடுங்க.

— இது அப்படியேதான் இருக்கு.

— இப்ப மத்தது.

— என்னங்க இது? வேற வளையத்தைப் போட்டு ஏமாத்துறீங்க.

— சாமி சத்தியமா அதேதான். என் கையில மாட்டுறேன், பாருங்க.

— முழங்கையைத் தாண்டி மேல போகுதே.

— நேத்து மணிக்கட்டுல நின்னுச்சு.

— எண்ணெயைக் குடிச்சிருக்கு. சத்தியமா சொல்றேன், பால் வாசனையிலேயே வளர்ந்தவன் நான். ரப்பர் எண்ணெய் குடிச்சு வளரும்னு இன்னைக்குத்தான் பாக்குறேன். உடம்பெல்லாம் சிலிர்க்குது.

— எனக்கும் மொத நாள் அப்படித்தான். கேண்டீனுக்குக்கூடப் போகாம டெஸ்ட் மேசை பக்கத்துலயே நின்னேன். லேசா கிள்ளுங்க.

— பிஞ்சிருச்சு. அகர் அகர் ஜெல்லி மாதிரி. அப்ப நம்ம மரம் தோத்துருச்சா?

— யாரு சொன்னா? பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்கா ஐஸ்பெட்டியிலயும் ரெண்டு போட்டுப் பாத்தேன். நைட்ரைல் வெறைச்சுக்கிச்சு. மரத்து ரப்பர் அப்பவும் வளைஞ்சு குடுத்துச்சு. இழுத்து விட்டா அது மாதிரி பழைய அளவுக்குத் திரும்பி வர்றது வேற எதுவும் இல்ல. ஏரோப்ளேன் டயருக்கே அதைத்தான் போடுறாங்க. எண்ணெய் மட்டும் அதுக்கு ஆகாது. சும்மா சொல்லல.

— மண்ணெண்ணெய்தானே?

— அநேகமா எல்லா எண்ணெயும்தான்.

— செம்பனை எண்ணெய்?

— சூடா இருந்தா இன்னும் சீக்கிரம். ஏன், முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?

— காலையில நான் வேலை பாக்குற பாமாயில் மில்லுல ஒரு பம்ப்புக்கு, எண்ணெய் கசியாம அடைக்குற வளையம் மாத்துனேன். ஸ்டோர்ல தீர்ந்து போச்சு. கிள்ளான் டவுன்ல இருந்து புதுசு வர்ற வரைக்கும் தாங்கும்னு நானே ஒண்ணு வெட்டுனேன்.

— எதுல வெட்டுனீங்க?

— எங்க தோட்டத்துப் பால்மரத்தையெல்லாம் சாய்ச்சப்போ, பால் வாங்குன ஃபேக்டரிக்காரன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரப்பர் பாய் குடுத்தான். நம்ம பால்ல செஞ்சதுன்னு அம்மா அதைச் சாமி மேடையில விரிச்சு வச்சிருந்தாங்க. அதோட ஓரத்துல வெட்டுனேன். திருநீறு பூசித்தான் மாட்டுனேன் கங்கா. அம்மா வெட்டுன பால், கைவிடாதுன்னு நெனச்சேன்.

— சூட்டு எண்ணெய் போற பம்ப்பா?

— கொதிக்கக் கொதிக்கப் போகும். வளையம் பிதுங்குச்சுன்னா பக்கத்துல நிக்கிறவங்க மேல பீச்சி அடிக்கும்.

— எப்ப ஓட்டுவாங்க?

— அஞ்சு மணிக்கு. உங்க அண்ணன் சேதுதான் ஓட்டுறாரு.

— எங்க அண்ணனா? ஞாயித்துக்கிழமை என்ன வேலைன்னு கேட்டதுக்குச் சிரிச்சுக்கிட்டே போனாரே.

— நான் உங்களைப் பாக்க வரணும்னு என் சாயங்கால ஷிஃப்டை அவரே எடுத்துக்கிட்டாரு. இந்தச் சம்பந்தத்தைப் பேசுனதே அவருதானே. வால்வு பம்ப் பக்கத்துலதான் இருக்கு. அங்கதான் நிப்பாரு.

— போன்?

— மில்லு போன் ஆபீஸ்லதான் இருக்கு, இன்னைக்கு அது பூட்டியிருக்கும். மோட்டார் சைக்கிள்ல இப்பவே கிளம்புனா மில்லு இருக்குற ஈஜோக்குக்கு அஞ்சு மணிக்குள்ள போயிரலாம்.

— அப்புறம் ஏன் நிக்கிறீங்க?

— உள்ள உங்கப்பா பலகாரத் தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பொண்ணு பாக்க வந்தவன் பலகாரத்தைத் தொடாம எழுந்து போனா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். பொண்ணு பிடிக்கலன்னு இந்த லயத்து வீடு பூரா பேசும். அதான் உள்ள போய் ஒரு லட்டை வாயில போட்டுட்டு, விஷயத்தை நல்லபடியா சொல்லி, அவங்க எழுந்து அனுப்பி வச்சு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு கங்கா. அந்த வளையம் உங்க முழங்கையைத் தாண்டுனப்பவே பிடிச்சுப் போச்சு. வேணாம்னு போயிட்டான்னு உங்களை யாரும் சொல்லக் கூடாது.

— பின்பக்கமாவே போங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். இப்ப உள்ள போய் அந்த லட்டுல கை வச்சீங்கன்னா, உங்களை நான்தான் வேணாம்னு சொல்லுவேன்.