அன்புள்ள இரண்டாவது மாடிக்கு

ஹலோ... ஆமா, கண் ஆஸ்பத்திரி ஆபீஸ்தான். சொல்லுங்க... யாரு?... அண்ணனா? யாரோட அண்ணன்?... என்னோடதா? சார், நம்பர் தப்பாப் போட்டுட்டீங்க போல. எனக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்தாரு, எல்லாரும் பிரேக் மாஸ்டர்னு கூப்பிடுவாங்க. அவரு, இனிமே எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி கிடையாதுன்னு நடு ஹால்ல நின்னு சொல்லிட்டாரு. அப்புறம் எனக்கு மட்டும் அண்ணன் எங்கேர்ந்து வருவாரு?...

சரி, சரி. கத்தாதீங்க. காது நல்லாவே கேக்குது. கண்ணும் நல்லாவே தெரியும். தெரிஞ்சதுதானே வினையாப் போச்சு...

ம்... ம்... புது கிளை திறக்கறீங்களா? ஞாயித்துக்கிழமையா? ரொம்ப சந்தோஷம்... அழைப்புக் கடிதமா? அதுக்கு என்ன?... எந்த ஃபைலு?... அட! அந்த ஃபைலா? அதை இன்னுமா வெச்சிருக்கே? நான் காலேஜ் முடிச்ச லீவு பூரா உக்காந்து அடிச்சதாச்சே அது. உன் முதல் ஸ்கூல் திறப்புக்கு. ஆளை வேணாம்னு தூக்கி எறிஞ்சுட்டு, அவ அடிச்ச ஃபைலை மட்டும் பத்திரமா வெச்சிருக்கியா? பேஷ்!...

ஆமா, மெயில் மெர்ஜ்தான். ஒரே கடிதம், பேரும் உறவும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்... புது சாஃப்ட்வேர்ல திறந்தியா? நீயா, உன் ஆபீஸ் பொண்ணா?... சரி, அந்தப் பொண்ணு திறந்தா. திறந்து?... என்னது?... இரு இரு, இன்னொரு தடவை சொல்லு. "அன்புள்ள இரண்டாவது மாடிக்கு"வா?...

சிரிக்கல. நான் எங்க சிரிச்சேன்? இருமல்... மத்ததுலயும் பெட்டிக்கடை எதிர்ல, வலது பக்கம்னு இப்படித்தான் வருதா?... அந்த மாடி யாருக்குப் போன கடிதம்?... உன் மாமனாருக்கா! அய்யோ, அய்யோ. நேர்லயே கொண்டு போய்க் குடுத்தியா? ரெண்டு கையாலயும்?... அவரு பிரிச்சு சத்தமாப் படிச்சாரா? சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாம் இருந்தாங்களா?... ஆமா, இப்ப சிரிச்சேன். சிரிப்பு வந்தா சிரிக்காம என்ன பண்றது? இத்தனை வருஷத்துல உன்னால எனக்குக் கிடைச்ச ஒரே நல்ல சேதி இதுதான்...

ஒரு நிமிஷம் இரு. ஐயா, சொட்டு மருந்து விட்டாச்சா? அப்ப கண்ணைத் திறக்காதீங்க, அந்த பெஞ்சுல உக்காருங்க, பேரைக் கூப்பிடுவாங்க... ம், சொல்லு...

யாரு? அண்ணியா? ஃபோனை வாங்கிட்டீங்களா? வணக்கம் அண்ணி, நல்லா இருக்கீங்களா?... நீங்கதான் எனக்குப் போடச் சொன்னீங்களா? உங்க அப்பாவுக்கு அவமானம்னதும் என் ஞாபகம் வந்துதாக்கும்... இல்ல அண்ணி, உங்க மேல கோவம் இல்ல. உங்க மேல வெக்கறதுக்குக் கோவம் மிச்சம் இல்ல. அன்னிக்கு நீங்க கதவுக்குப் பின்னாடி நின்னுகிட்டு இருந்தீங்க, ஞாபகம் இருக்கா? ஒரு வார்த்தை வரல... சரி, அழாதீங்க. அவன்கிட்டயே குடுங்க.

ஆங். தபால் எப்பப் போகணும்?... இன்னிக்கு சாயங்காலமா? அப்ப நல்லா மாட்டிக்கிட்டே... சரிப்பண்ணலாம். சரிப்பண்ண முடியாததுன்னு ஒண்ணும் இல்ல அதுல. நீ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கியா? அந்தப் பொண்ணை எந்திரிக்கச் சொல்லு, நீ உக்காரு. நீதான். உன் கையாலதான் செய்யணும்...

முதல்ல கடிதத்தை மூடு. கடிதம் திறந்திருக்கறப்போ முகவரி ஃபைல்ல கை வெக்கக் கூடாது... மூடிட்டியா? இப்ப முகவரி ஃபைலை மட்டும் தனியாத் திற. முதல் வரியில என்ன இருக்கு?... "உறவினர் மற்றும் மாணவர் முகவரிகள்"னு கொட்டை எழுத்துலயா? அது நான் போட்டதில்ல. அழகுக்குப் போட்டிருக்கா அந்தப் பொண்ணு. எடுத்துடு. அடியில இருக்கற வெத்து வரியையும் சேர்த்து. முதல் வரியில பேரு, முகவரி, ஊரு, உறவுன்னு இந்த நாலு தலைப்புதான் இருக்கணும். வேற எது இருந்தாலும் கம்ப்யூட்டருக்குப் புரியாது, எதை வெச்சுப் பிரிக்கறதுன்னு உன்னையே கேக்கும்... கேட்டுச்சா? அந்தப் பெட்டி வந்துதா? என்ன பண்ணீங்க?... படிக்காமயே ஓகே அடிச்சீங்களா. சிக்னலைப் பாக்காம வண்டி ஓட்டற வீடுதானே...

சரி, ஃபோனை வெக்காதே. வெக்காதேன்னா! நான் பேசறதை நீ கேட்டுத்தான் ஆகணும் இன்னிக்கு. உனக்கு வேற கதி இல்ல.

நானா அடிச்சேன் அந்த சைக்கிள்காரரை? நீதானே ஓட்டினே, ஒரு கையில ஸ்டீயரிங், ஒரு கையில ஃபோன், அதுல சிரிப்பு வேற. ஓட்டக் கத்துக்க வந்த நர்ஸம்மா பக்கத்து சீட்டுல, நான் பின்னாடி. அந்த மனுஷன் கால் ஒடிஞ்சு ரோட்டுல கிடக்கறாரு, தச்சு வேலை செய்யற ஆளு, அவரைத் தூக்கறதுக்கு முன்னாடி நீ என்ன சொன்னே? "நர்ஸம்மாதான் ஓட்டினாங்கன்னு சொல்லிடு. கத்துக்கற ஆளு, பெரிசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க"ன்னே. நர்ஸம்மா உன்னையே பாத்துகிட்டு நின்னாங்க. போலீஸ்காரர் கேட்டாரு, நான் பாத்ததைச் சொன்னேன். அவ்வளவுதானே நான் செஞ்ச துரோகம்?... ஆமா, உன் லைசென்ஸ் போச்சு. ஸ்கூலைக் கொஞ்ச நாள் இழுத்து மூடினே. தெரியும். அதுக்குப் பதிலா நீ என்ன பண்ணேன்னு எனக்கும் தெரியும்.

கூப்பிட்டே. என்னைப் பக்கத்துல நிக்க வெச்சு இந்த ஃபைலைத் திறந்தே. என் பேரு இருந்த வரியைக் கறுப்பாக்கி, "இதோ பாரு"ன்னு சொல்லிட்டு டெலீட்டை அமுக்கினே. "இனிமே இந்தக் குடும்பத்துலேர்ந்து உனக்கு ஒரு கடிதாசு வராது"ன்னே. நான் அடிச்ச ஃபைல்லேர்ந்தே என்னைத் தூக்கினே...

பழசா? உனக்குப் பழசு. அப்புறம் சித்தப்பா செத்துப் போனாரே, அதுவும் பழசா? உனக்குத் தெரியுமா, அவரு மட்டும்தான் யாருக்கும் தெரியாம ரெண்டு பஸ் மாறி என்னைப் பாக்க வருவாரு. வாசல்ல செருப்பை விடறப்பவே "அடுப்புல என்னம்மா"ன்னு கேட்டுகிட்டே வருவாரு. ரொம்ப நாளா ஆளைக் காணோமேன்னு அவரு வீட்டு நம்பருக்கு ஃபோன் போட்டா, யாரோ ஒரு பொண்ணு எடுக்குது. "அந்தப் பெரியவரா? அவரு போய் ஒரு மாசமாச்சே, நாங்க புதுசாக் குடிவந்தவங்க"ங்குது. மளிகைக்கடையில உப்பு தீந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி சொல்லுது. அதையும் குத்தம் சொல்ல முடியுமா?... இரங்கல் கூட்டத்துக்குக் கடிதம் அனுப்பினேல்ல? இந்த ஃபைல்லேர்ந்துதானே போச்சு? ஊரு உலகத்துக்கெல்லாம் போச்சு. சித்தப்பாவுக்குக் காய்கறி விக்கறவனுக்குக்கூடப் போச்சாம்...

மறந்துட்டியா? ஃபைல்ல இல்லாததால ஞாபகம் வரலையா?... நல்லா இருக்கு. அழிக்கறப்போ மறந்தா அழிச்சே?

...இருக்கேன். லைன்லதான் இருக்கேன். தண்ணி குடிச்சேன்.

எங்க விட்டோம்? ஆங். இனிமே இருக்கறது ஒரே ஒரு வேலைதான். அதைச் செஞ்சா உன் மாமனாரு இரண்டாவது மாடியிலேர்ந்து இறங்கி மறுபடி மாமா ஆயிடுவாரு. ஆனா அதை நான் சும்மா சொல்ல மாட்டேன்... சீ, பணமா? உன் பணத்தை நீயே வெச்சுக்க. நான் கேக்கறது வேற. கர்சரைக் கடைசி வரிக்குக் கொண்டு போ. என்டர் அடி. அடிச்சியா? இப்ப நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணு. என் பேரு. முழுசா, இனிஷியலோட. இனிஷியல் உனக்கும் எனக்கும் ஒண்ணுதான், கை கூசாது...

அடிக்க மாட்டியா? சரி, அப்ப வெச்சுடறேன். இரண்டாவது மாடி, பெட்டிக்கடை எதிர்ல, வலது பக்கம் எல்லாத்துக்கும் என் அன்பைச் சொல்லு...

ம். அப்படி வா வழிக்கு. அடிச்சுட்டியா? இப்ப ஒரு கமா. அடுத்தது முகவரி. அதுக்கு முன்னாடி ஒரு மேற்கோள் குறி போடு, முடிஞ்சதும் ஒண்ணு போடு. ஆமா, அதான் நீ கேட்ட ரகசியம்! முகவரிக்குள்ள கமா வந்தா, அதை அடுத்த கட்டம்னு நினைச்சுக்கும். உன் மாமனாரு வீடு மாறினாரா? அந்தப் பொண்ணு கதவு எண் கமா, பில்டிங் பேரு கமா, இரண்டாவது மாடின்னு மேற்கோள் குறி இல்லாம அடிச்சிருப்பா. எல்லாம் தள்ளித் தள்ளிப் போய், மாடி வந்து உறவு கட்டத்துல உக்காந்துடுச்சு. மாமா வெளியில போயிட்டாரு. புதுசா அடிச்ச வரி எல்லாத்துலயும் முகவரிக்கு முன்னாடியும் பின்னாடியும் மேற்கோள் குறியைப் போடு, தீந்துது...

நில்லு. அங்க ஓடாதே. முதல்ல என் வரியை முடி. முகவரி எழுதிக்க... கீழ்த்தளம், பின்பக்க வீடு, ஆஸ்பத்திரித் தெரு... ஆமா, கீழ்த்தளம்தான். மழை பேஞ்சா தண்ணி வரும். வந்தா இறைச்சுக்கறேன். நீ அடி... ஊரு... ம். இப்பக் கடைசிக் கட்டம். உறவு.

அடி.

என்ன அடிக்கணும்னு என்னைக் கேக்கறியா? மாமா இருக்காரு, அத்தை இருக்காங்க, மச்சான் இருக்கான். நான் உனக்கு யாருன்னு நீதான் சொல்லணும்... கேக்கல. சத்தமா... "தங்கை". உன் ஆபீஸ் பொண்ணு அங்கதானே நிக்கறா? அவளுக்கும் கேக்கற மாதிரி சொல்லு... ம். இப்ப சேவ் பண்ணு. புது வடிவத்துக்கு மாத்தணுமான்னு கேக்கும், வேணாம்னு சொல்லிடு. மூடிட்டுக் கடிதத்தைத் திற. கடைசிக் கடிதத்தைக் காட்டச் சொல்லு. வந்துச்சா? படி...

படின்னா படி...

...

இன்னொரு தடவை... கேட்டுச்சு. கேக்காம இல்ல. இன்னொரு தடவை படி... "அன்புள்ள தங்கைக்கு"... ம்... "உங்கள் வருகை இல்லாமல் இவ்விழா நிறைவு பெறாது"... ம். கீழ உன் பேரா?... சரி. அதை அச்சடிச்சு, நீயே கையெழுத்துப் போட்டு, கவர்ல வை. சாயங்காலத் தபால்ல சேர்த்துடு. மத்ததுக்கெல்லாம் மேற்கோள் குறியைப் போட்டுட்டு அனுப்பு, ஒண்ணும் ஆகாது. நான் பொய் சொல்றதில்ல, உனக்கே தெரியும்.

நேர்ல கொண்டு வர்றியா? வேணாம். வாசப்படி ஏறாதே. தபால்லதான் வரணும்...

வருவேனா? ஞாயித்துக்கிழமையா?...

வரமாட்டேன்.

ஆமா, தெரிஞ்சுதான் அடிக்கச் சொன்னேன். நீ கூப்பிடாததால நான் வரல, அது இத்தனை வருஷமா நீ எனக்குக் குடுத்த தண்டனை. நீ கூப்பிட்டும் நான் வரலைங்கறது இனிமே என்னோட முறை. அன்னிக்கு வர்ற மாமா, அத்தை ஒவ்வொருத்தரும் கேப்பாங்க, உன் தங்கச்சி எங்கேன்னு. "அவளை நாங்க சேக்கறதில்ல"ன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிகிட்டு இருந்தேல்ல? இனிமே அது முடியாது. "கூப்பிட்டேன், வரல"ன்னு சொல்லு. ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லு. ஏன் வரலைன்னு கேப்பாங்க, அதுக்கும் பதில் சொல்லு...

என்ன?... அழறியா?... அழு, நல்லா அழு. தபால்தலை ஒட்டறதுக்கு ஈரம் வேணுமில்ல. வெச்சுடறேன்.