மீனில்லாத தொட்டி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் மச்சியிடம் சொன்னாள்: “எங்கட அவர் ஒரு மாசமா வெறும் கடல்தண்ணிய வளர்த்தார்.”

“தண்ணியவா?”

“ஓம் மச்சி. கண்ணாடித் தொட்டியில முதல் உட்ட மீனெல்லாம் செத்துப்போச்சி. மனிசன் சோறும் தின்னல்ல. புதுத்தண்ணியில அழுக்கத் தின்னுற கிருமி இல்லயாம். அது ஊறினாத்தான் மீன் தங்குமாம். அந்தக் கிருமிக்குத் தீனியா றால் துண்டொண்டப் போட்டு அழுகவெச்சிட்டுப் பாத்திட்டே இருந்தார்.”

“நாறல்லயா?”

“நாறினதுதான். தண்ணிய வெளிய ஊத்தச் சொல்லிச் சண்டையும் புடிச்சன். போன கிழமை கோடுபோட்ட மீன் ரெண்டு உட்டார். அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஓடித்திரியிது.”

“இப்ப உனக்கும் விருப்பம்போல.”

அவள் சற்று வெட்கப்பட்டாள். “கறிமீன் வாங்கினா, அதுகள் காணாம முந்தானைக்குள்ள மறைச்சித்தான் குசினிக்குக் கொண்டுபோறன்.”