சுட்ட பிறகு சத்தம் கூடாது

எனக்குச் சின்ன வயசுலேருந்தே சத்தம் ஆகாது. சுவர்க் கடிகாரத்தைக்கூட பக்கத்து ரூம்லதான் மாட்டுவேன். நீங்க பேனாவால மேஜையைத் தட்டிக்கிட்டே இருக்கீங்க, அதை நிறுத்தினா நல்லாருக்கும் ஐயா. நன்றி.

இந்த விசாரணையில, உங்க கப்பலைத் தேடி வந்த எங்க டார்பிடோவை, தண்ணிக்கடியில ஓடற அந்தக் குண்டைப் பத்திக் கேட்டீங்க. பழைய டார்பிடோ விட்ட திசையில நேரா ஓடும். கப்பல் கொஞ்சம் திரும்பினா போதும், தப்பிச்சுடும். நாங்க அதோட மூக்குல காது வச்சோம். கப்பலைத் தள்ளுற புரொப்பெல்லர் சத்தம் எந்தப் பக்கம் அதிகமா கேக்குதோ, அந்தப் பக்கம் அது திரும்பும். அந்தக் காது என் பொறுப்பு. நல்ல காதுதான். இப்பவும் சொல்லுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து மூணு வசந்தத்துல டான்சிக் வளைகுடாவுல சோதனை. தலையில வெடிமருந்து இல்லாத டார்பிடோ. நான் நீர்மூழ்கிக்குள்ளதான் இருந்தேன். விட்டோம். இலக்கா நின்ன பழைய கப்பல்ல இன்ஜின் கோளாறு, அது சத்தமில்லாம நின்னுபோச்சு. எங்க மோட்டார் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு எங்க பக்கச் சுவர்ல டொக்குனு ஒரு இடி. அப்புறம் கேப்டன்தான் சொன்னாரு, "இன்ஜினியர், உங்க நாய் வழி தெரிஞ்சு வீட்டுக்கே வந்துடுச்சு." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அந்தக் காதுக்கு யாரோட சத்தம்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. சரி பண்ணக் குளிர்காலம் வரைக்கும் ஆகும். அந்த வருஷம் வேலை தாமதமானவங்களை ரஷ்யப் போர்முனைக்கு ரயிலேத்திட்டிருந்தாங்க. என் பிரிவுலேருந்து ரெண்டு பேர் போயிட்டாங்க. எனக்குக் குளிர் ஒத்துக்காது. அதனால சுலபமா ஒரு வழி கண்டுபிடிச்சேன். டார்பிடோவை விட்டதும் ஆழத்துக்குப் போ, மோட்டாரை நிறுத்து, பூட்ஸ் போட்டு நடக்காதேன்னு ஒரு உத்தரவு. எதிரிக்கு நம்ம சத்தம் கேக்கக் கூடாதுன்னு காரணமும் சேத்தேன். அதுவும் உண்மைதானே? நிஜக் காரணத்தைச் சொன்னா எவன் தைரியமா சுடுவான்?

என் தங்கச்சி வீப்கேயோட புருஷன் ஹார்ட்விக், ஒரு நீர்மூழ்கிக்குக் கேப்டன். கிளம்புறதுக்கு முந்தின நாள் கீல் துறைமுகத்துல அவங்க வீட்டுல சாப்பாடு. உருளைக்கிழங்கு அடை, பார்லி காப்பி.

"அந்த உத்தரவை எழுதினது நீங்கதானே மச்சான்? மேல எதிரியோட டெஸ்ட்ராயர் கப்பல்காரன் குண்டு போட்டுட்டிருப்பான், நான் கீழ பூட்ஸைக் கழட்டி வச்சிட்டு கம்முனு உக்காந்திருக்கணுமா? சர்ச்சுலகூட நான் அப்படி இருந்ததில்லையே."

அடுப்படியிலேருந்து வீப்கே, "சர்ச்சுல எங்க, உங்க குறட்டைதான் பாதிரியாரை அடக்கும்"னா.

அவரு சிரிச்சிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாரு. "நிஜமா ஒரு காரணம் இருந்தா சொல்லுங்க. தலைக்கு மேல என்ன விழுந்தாலும் நிறுத்துறேன். சும்மா ஆபீஸ் உத்தரவுன்னா, அந்த நேரத்துல எனக்கு எது சரின்னு படுதோ அதைத்தான் செய்வேன்."

சொல்லியிருக்கலாம். சொன்னா அவரு ஆளுங்ககிட்ட சொல்லுவாரு. ஒரு வாரத்துல மொத்தப் படைக்கும் தெரிஞ்சுடும். இதை ஏன் இத்தனை நாள் மறைச்சேன்னு என்னைக் கேப்பாங்க.

"ஆபீஸ்ல உக்காந்து எழுதுறதுதானே மாப்ள. ரொம்ப யோசிக்காதீங்க"ன்னேன். அடைத் தட்டை அவரு பக்கம் நகர்த்தினேன்.

இலையுதிர்காலத்துல, ஐஸ்லாந்துக்குத் தெக்கே, சண்டை. ஆழத்துல இருக்கறவங்களுக்குக் கண்ணு கிடையாது. வெடிச் சத்தம் கேட்டா ஒரு கப்பல் முழுகினதா கணக்கு, எங்க வழக்கம் அது. ஹார்ட்விக் சுட்டதைப் பக்கத்துல இருந்த இன்னொரு நீர்மூழ்கியில கேட்டாங்க. அப்புறம் பெரிய வெடி. ஒரு டெஸ்ட்ராயர் காலின்னு செய்தி அனுப்பினாங்க.

அந்த நீர்மூழ்கியில காதுல கருவி மாட்டிக் கேட்டவன் கரைக்கு வந்ததும் என்னைத் தேடி வந்தான். "ஐயா, வெடிச்ச பிறகும் டெஸ்ட்ராயர் சத்தம் கேட்டுச்சு. வெடியோட நின்னது, அதுவரைக்கும் ஓடிக்கிட்டிருந்த ஹார்ட்விக்கோட மோட்டார்தான்"னான். அங்க ரெண்டு டெஸ்ட்ராயர் இருந்திருக்கும்னு அவனுக்குப் புரிய வச்சேன். அவனும் தலையாட்டினான். சின்ன உத்தியோகம், பாவம்.

ஹார்ட்விக் திரும்பல. கூட இருந்த அம்பது பேரும் வரல. நான்தான் கொன்னேன்னு எழுதிக்கங்க. சுத்தி வளைக்க விரும்பல. அவரு காரணம் கேட்டாரு, என்கிட்ட இருந்துச்சு, நான் குடுக்கல. ஆனா பொய்னு ஒண்ணும் சொன்னதில்ல, அதையும் எழுதிக்கங்க.

முழுகின டெஸ்ட்ராயருக்காக எனக்கும் ஒரு மெடல் வந்துச்சு. கடல்ல வீசிட்டேன்னு உங்ககிட்ட சொல்ல ஆசைதான். வீசல.

வீப்கே இந்தக் கைதி முகாமுக்கு வாராவாரம் சூப் கொண்டு வர்றா. அவகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. அவளால தாங்க முடியாது, அதுக்காகத்தான் கேக்கறேன்.

மெடல் வந்த அன்னைக்கு அவ கறுப்பு உடுப்புல வந்திருந்தா. எனக்கு முகத்தை எங்க வச்சிக்கறதுன்னு தெரியல. அதைத் தானே என் கோட்டுல குத்திவிடுவேன்னு பிடிவாதம் பிடிச்சா. "அவரு கடைசியா விட்டது வீண் போகலண்ணா. நீ பண்ணின காதுதான் அதைக் கொண்டு சேத்துச்சு"ன்னா.

"ஊசி குத்திடும், ஆடாம நில்லு"ன்னா.

நான் ஆடாம, சத்தம் போடாம நின்னேன்.